ஏழு சொற்களும் நாற்பது பங்கும்

சாட்சிக் கையெழுத்துப் போட சிங்கப்பூரில் கேனிங் ரைஸில் இருந்த திருமணப் பதிவகத்துக்கு நான் போனது 2023 கடைசியில். ஐம்பதை நெருங்கும் வயதில், அந்தக் கட்டடத்துக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கால் வைக்கிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் பள்ளிவாசலிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ நடந்தவை. காதியார் வருவார், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) எவ்வளவு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்கள், துஆ ஓதி முடித்ததும் பிரியாணி அண்டா திறக்கும். இங்கே ஓர் அறை, ஒரு மேசை, உறுதிமொழி, கையெழுத்து. அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அக்கா மட்டும் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்திருந்தார். பைக்குள் மடித்து வைத்திருந்த உலோஸ் என்ற நெய்த சால்வையை எடுத்து, மணமக்கள் இருவர் தோளையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். பாத்தாக் மக்களின் வழக்கமாம். அந்த ஒரு நிமிடம்தான் கல்யாணம் மாதிரி இருந்தது.

மணப்பெண் எங்கள் அலுவலகத்தின் ஜகார்த்தா கிளையில் வேலை பார்ப்பவர். ஜாவாக்காரர், முஸ்லிம், கூட்டம் நடக்கும்போதுகூடத் தொழுகை நேரமானால் எழுந்து போய்விடுவார். மாப்பிள்ளை புரொட்டஸ்டன்ட் கிறிஸ்துவர். இந்தோனேசியாவின் 1974 திருமணச் சட்டப்படி, அவரவர் மதப்படி நடந்தால்தான் கல்யாணம் செல்லும். இரண்டு மதக்காரர்கள் சேரும்போது என்ன செய்வது என்பதை அந்தச் சட்டம் பேசாமல் விட்டிருந்தது, நீதிமன்றங்கள் அங்கங்கே வழிவிட்டுக்கொண்டிருந்தன. 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இப்படிப்பட்ட திருமணங்களைப் பதிய அனுமதிக்காதீர்கள் என்று நீதிபதிகளுக்குச் சொல்லிவிட்டது. காசு இருப்பவர்கள் விமானம் ஏறி இங்கே வருகிறார்கள். அது புதிதும் அல்ல, பல வருடமாக நடப்பதுதான்.

படி இறங்கும்போது அந்தப் பெண் சொன்னார் (‘பாக்’ என்றால் அவர்கள் பேச்சில் ஐயா): “எங்க நாடு மதநாடு இல்லைன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க, பாக். மதச்சார்பற்ற நாடும் இல்லைன்னு அதே வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க. அப்போ புரியல. இன்னைக்குத்தான் புரியுது.”

அன்று சாயந்திரம் தஞ்சோங் பகாரில் என் பழைய கூட்டாளியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே புளோக்கில் வளர்ந்தவர்கள் நாங்கள். நோன்பு மாதம் வந்தால் கஞ்சிக்குத் தூக்குவாளியை என் கையில் முதலில் கொடுத்து அனுப்புவது அவன் அம்மாதான். கதையைச் சொன்னேன். அவன் தே ஓ கோசோங் தேநீரைக் கலக்கிக்கொண்டே (சர்க்கரை இல்லாததை எதற்குக் கலக்குகிறான் என்று முப்பது வருடமாகக் கேட்கிறேன்) சொன்னான்: “பாரு, 100க்கு 87 பேர் முஸ்லிம். தேர்தல் எல்லாம் ஒழுங்கா நடக்குது. ஆனா அங்க முடியல, இங்க முடியுது. உங்க ஆளுங்க கூடுதலா இருக்கிற இடத்துல மதச்சார்பின்மை நிக்காதுடா.”

சண்டைக்காகச் சொன்னதில்லை. அதனால்தான் உள்ளே தைத்தது. அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுவதும் பதில்தானா என்று தெரியவில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம், அவனுக்குத் தெரியாதது. அதே பெண், அதே மேசை, மாப்பிள்ளை மட்டும் முஸ்லிமாக இருந்திருந்தால் கேனிங் ரைஸில் அவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டு முஸ்லிம்களின் திருமணத்தை, மற்றவர்களுக்கான திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின் கீழ் நடத்த முடியாது. அதற்கு முஸ்லிம் சட்டம், தனிப் பதிவகம். நாடாளுமன்றம் 1966இல் நிறைவேற்றிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மதச்சார்பற்ற சிங்கப்பூரில், எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், என் திருமணமும் மணவிலக்கும் சொத்துப் பங்கீடும் ஷரியாப்படிதான். அதை வைத்துக்கொண்டுதான் நான் ஜகார்த்தாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1945 ஜூன் 22. நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் தோற்கப் போகிறது, சுதந்திரம் வரப்போகிறது என்ற நிலையில் ஜகார்த்தாவில் ஒன்பது பேர் கொண்ட குழு ஓர் உடன்பாட்டை எழுதுகிறது. பிறகு முதல் அதிபரான சுகர்ணோ இருக்கிறார், துணை அதிபரான ஹத்தா இருக்கிறார், ஒன்பதில் ஒரே கிறிஸ்துவர் மராமிஸ். அந்த மாதம் முதல் தேதிதான் சுகர்ணோ பஞ்சசீலா பற்றிப் பேசியிருந்தார். நம் ஊர்க்காரர்களுக்குப் பஞ்சசீலம் என்றால் நேருவும் சீனாவும் ஞாபகம் வரும், இது வேறு, நாட்டின் ஐந்து அடிப்படைகள். அதில் ஒன்று இறைநம்பிக்கை. குழு அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து கூடவே ஏழு சொற்களைச் சேர்த்தது. இந்தோனேசிய மொழியில் சரியாக ஏழு. தமிழில் ‘இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரியாவை நிறைவேற்றும் கடமையோடு’ என்று ஐந்திலேயே முடித்துவிடலாம், உருபுகள் நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அங்கே இன்று வரைக்கும் ‘ஏழு சொற்கள்’ என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 17ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம். அன்று மாலை ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவர் ஹத்தாவைப் பார்க்க வருகிறார். கிழக்குத் தீவுகளில் இருக்கும் கிறிஸ்துவர்கள் அந்த ஏழு சொற்களை ஏற்க மாட்டார்கள், அவை இருந்தால் தனியாகப் போய்விடுவார்கள் என்று சேதி. மறுநாள் காலை அரசியல் சாசனத்தை முடிவு செய்யும் கூட்டம் தொடங்கும் முன் ஹத்தா முஸ்லிம் தலைவர்களோடு ஒதுங்கிப் பேசுகிறார். ஹத்தா ஒன்றும் மதத்தை உதறியவர் அல்ல, மேற்கு சுமத்திராவில் மார்க்கப் பெரியவர்களின் குடும்பத்தில் பிறந்தவர், தொழுகையாளி. எதிரே முஹம்மதியா இயக்கத்தின் தலைவர் கி பாகுஸ் ஹடிகுசுமோ. கடைசி வரை பிடிவாதமாக நின்றவர் அவர்தான். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஏழு சொற்கள் போய், ‘ஏக இறைமை’ என்று வந்தது.

அவரை ஒப்புக்கொள்ள வைத்ததில் ஒரு சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு: தற்காலிகம். இது அவசரத்தில் எழுதிய சாசனம், நாடு அமைதியானதும் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை உட்கார்ந்து நிதானமாக எழுதும் என்று சுகர்ணோ சொன்னார். ஹடிகுசுமோ 1954இல் இறந்துபோனார். முதல் பொதுத்தேர்தல் 1955இல்தான் வந்தது.

சபையும் வந்தது. 1956 முதல் 1959 வரை பேசினார்கள். ஒரு பக்கம் மஸ்யூமி, நஹ்தத்துல் உலமா போன்ற இஸ்லாமியக் கட்சிகள், மறுபக்கம் தேசியவாதிகள், கம்யூனிஸ்ட்டுகள், கிறிஸ்துவர்கள். யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1959 ஜூலை 5ஆம் தேதி சுகர்ணோ சபையைக் கலைத்து, 1945 சாசனத்துக்கே திரும்புகிறோம் என்று ஆணை போட்டார். மறு ஆண்டு மஸ்யூமிக்குத் தடை. ஆக, ஏழு சொற்களைத் தோற்கடித்தது மக்களாட்சி என்று மார்தட்ட முடியாது. முதல் தடவை பேச்சில் முடிந்தது, இரண்டாம் தடவை கலைப்பில். அப்புறம் வந்த சுஹார்த்தோ 1973இல் இஸ்லாமியக் கட்சிகளை ஒன்றாகப் போட்டு அமுக்கினார். 1985 வாக்கில் எல்லா அமைப்புக்கும் பஞ்சசீலாதான் ஒரே அடிப்படை என்று சட்டம் போட்டார். என் கூட்டாளி மாதிரி ஆட்களுக்கு இது பிடிக்கும், ‘அடக்கி வெச்சாதான் சரியா இருக்கும்’ என்பார்கள். எனக்குப் பிடிக்காது. அடக்கி வைத்தது அவிழ்ந்ததும் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி.

1998இல் சுஹார்த்தோ விழுந்தார், அவிழ்ந்தது. 1999இல் நாற்பத்தெட்டுக் கட்சிகள் தேர்தலில் நின்றன. மக்கள் மன்றம் அதிபராகத் தேர்ந்தெடுத்தது குஸ் டூர் என்கிற அப்துர்ரஹ்மான் வாஹிதை. நஹ்தத்துல் உலமாவைத் தோற்றுவித்தவரின் பேரன், கிட்டத்தட்டப் பார்வையிழந்த மௌலவி, நாட்டிலேயே நன்றாக ஜோக் அடிப்பவர் என்று பேர் வாங்கியவர். சீனப் புத்தாண்டைப் பகிரங்கமாகக் கொண்டாட விதித்திருந்த தடையை நீக்கியது அவர்தான். 2002 ஆகஸ்டில் மக்கள் மன்றத்தில் ஏழு சொற்களைத் திரும்பச் சேர்க்கச் சில கட்சிகள் கோரின. அப்போது ராணுவம் குறுக்கே நிற்கவில்லை, அதிபர் ஆணை போடவில்லை. நஹ்தத்துல் உலமாவும் முஹம்மதியாவும் எதிர்த்தன. கோடிக்கணக்கான முஸ்லிம்களின் இரண்டு பெரிய அமைப்புகள், ஒரு காலத்தில் அதே சொற்களுக்காக வாதாடியவை. கோரிக்கை விழுந்தது. இதுவரை நடந்த எந்தத் தேசியத் தேர்தலிலும் இஸ்லாமியக் கட்சி ஒன்று முதலிடத்துக்கு வந்ததில்லை. ‘இஸ்லாம் சரி, இஸ்லாமியக் கட்சி வேண்டாம்’ என்று 1970இல் நூர்கோலிஷ் மஜித் சொன்னபோது அவரைத் திட்டியவர்கள் ஏராளம். வாக்குச்சாவடியில் மக்கள் ஏறக்குறைய அதைத்தான் செய்து வருகிறார்கள்.

ஹடிகுசுமோவின் இயக்கமே ஏன் மனம் மாறியது? இதை எனக்குப் புரிய வைத்தது எந்த அறிஞரும் இல்லை, என் தங்கச்சி.

எங்கள் அத்தா மவுத்தானபோது வங்கியில் அவர் பேரில் கொஞ்சம் பணம் இருந்தது. கடையநல்லூரிலிருந்து பதினாறு வயதில் கப்பலேறி வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அப்புறம் கடை வைத்துச் சேர்த்த பணம். ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுப் பங்கீட்டுச் சான்றிதழ் வாங்கினோம். சமையலறை மேசையில் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். மொத்தம் நாற்பது பங்கு. அம்மாவுக்கு ஐந்து. அண்ணனுக்குப் பதினான்கு, எனக்குப் பதினான்கு, தங்கச்சிக்கு ஏழு. அத்தாவை டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை கூட்டிக்கொண்டு போய் வந்தவள் தங்கச்சி. நாங்கள் இரண்டு பேரும் அலுவலகம், கூட்டம், வெளியூர்.

அவள் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தாள். “எனக்கு ஏழு. சரி. அதுல எனக்கு மனத்தாங்கல் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதை எழுதினது யாரு, அல்லாவா, அரசாங்கமா?”

யாரும் பேசவில்லை. தாளின் மேலே நீதிமன்ற முத்திரை. அம்மாதான் கடைசியில், “அவங்கவங்க பங்கை வாங்கிக்கங்க. வாங்கினப்புறம் யாருக்குக் கொடுக்கிறதுன்னு உங்க மனசு” என்றார். நான் என்ன செய்தேன், அண்ணன் என்ன செய்தார் என்பது வீட்டு விஷயம், விடுங்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இறைவனுக்குப் பணிந்து அவளுக்கு ஏழு கொடுத்தால் அது வழிபாடு. முத்திரை குத்திய தாள் கொடுக்கச் சொல்வதால் கொடுத்தால் அது என்ன? வரி கட்டுவது மாதிரியா? ஏழு சொற்களில் ‘கடமை’ என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது இந்தச் சிக்கல்தான். கடமை யாரிடம்? 2002இல் அந்த மௌலவிகள் எதிர்த்தபோது அவர்கள் மார்க்கத்தைக் குறைக்கவில்லை. கணக்குக் கேட்கும் உரிமையை எழுத்தரிடம் கொடுக்க மறுத்தார்கள். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இங்கே நிறுத்தினால் என் கூட்டாளிக்கு நல்ல பதில் கிடைத்துவிடும். ஆனால் அது பாதிக் கதை.

வாசலில் நுழையாதது பக்கக் கதவில் நுழைந்தது. ஏழு சொற்களுக்குப் பதிலாக வந்த ‘ஏக இறைமை’யே ஒரு வடிகட்டி ஆனது. பாலித் தீவின் இந்துக்கள், எங்களுக்கும் ஒரே கடவுள்தான், பெயர் சங் ஹ்யாங் விதி என்று எடுத்துச் சொல்லித்தான் அரசின் மதப் பட்டியலில் இடம் பிடித்தார்கள். பட்டியலில் இப்போது ஆறு மதம். தீவுகளின் பழைய குல நம்பிக்கைகளைப் பின்பற்றுவோர் அடையாள அட்டையில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விடவோ வேறு மதத்தைப் போட்டுக்கொள்ளவோ வேண்டியிருந்தது. 2017 நவம்பரில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களும் தங்கள் நம்பிக்கையைக் குறிப்பிடலாம் என்றது. சுமத்திராவின் ஆச்சே மாநிலத்தில் சிறப்புத் தன்னாட்சி என்ற பேரில் ஷரியா, பொது இடத்தில் பிரம்படி. 2005இல் மார்க்க அறிஞர்களின் உலமா மன்றம் மதச்சார்பின்மை என்ற கொள்கையே ஹராம் என்று ஃபத்வா கொடுத்தது. 1965ஆம் ஆண்டு மத நிந்தனைச் சட்டம் சுஹார்த்தோ போன பிறகும் நீங்கவில்லை.

அந்தச் சட்டம்தான் அஹோக்கைப் பிடித்தது. ஜகார்த்தா ஆளுநர், சீனர், கிறிஸ்துவர். 2016 செப்டம்பரில் தீவு ஒன்றில் பேசும்போது, குர்ஆன் வசனத்தைக் காட்டி உங்களை ஏமாற்றுகிறார்கள் என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். வெட்டப்பட்ட காணொளி பரவியது. டிசம்பர் 2ஆம் தேதி மொனாஸ் திடலில் அவருக்கு எதிராக லட்சக்கணக்கில் வெள்ளை உடை. 2017 ஏப்ரலில் தேர்தலில் தோற்றார். அவர் வேலை பிடிக்கிறது என்று சொன்னவர்களிலேயே பலர் அவருக்கு வாக்குப் போடவில்லை. மே மாதம் இரண்டு ஆண்டு சிறை. அரசு வழக்கறிஞர்களே அவ்வளவு கேட்கவில்லை. அவர் பேச்சு மார்க்கத்தை அவமதித்தது என்று சொன்ன உலமா மன்றத்தின் அப்போதைய தலைவர் மாருஃப் அமீனை, அஹோக்கின் பழைய கூட்டாளியும் அப்போதைய அதிபருமான ஜோகோவியே 2019 தேர்தலுக்குத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். இஸ்லாமியக் கட்சிகள் தோற்கின்றன, இஸ்லாமிய அரசியல் தோற்பதில்லை. ஜெயிக்கிற கட்சி அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா வேறு கதை, தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை. அங்கே 1988இல் அரசியலமைப்பைத் திருத்தி, ஷரியா நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றார்கள். ஈப்போவின் ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் 2009இல் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றினார். அது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஆனது. கைக்குழந்தையாகக் கொண்டுபோகப்பட்ட மகளைத் தாயிடம் சேர்க்க அந்தத் தீர்ப்பு மட்டும் போதவில்லை. இதைப் பற்றி லிட்டில் இந்தியாவின் தேக்காவில் யாரிடம் பேச்செடுத்தாலும் நான் முஸ்லிம் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். தாழ்த்த வேண்டாம். எனக்கும் அதே கோபம்தான்.

இங்கே நாங்கள் 100க்கு 15, 16 பேர். சிறுபான்மைக்கு மதச்சார்பின்மை பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை, மழையில் நிற்பவனுக்குக் குடை பிடிக்கும். 1948இல் இந்திய அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் எந்தச் சமூகத்தையும் அதன் தனிச் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்ததும் அதே குடைக்காகத்தான். நாங்கள் எதையும் தெருவில் இறங்கிக் கேட்பதில்லை. தங்கச்சி மகள் நர்ஸ். வேலை நேரத்தில் தலைத்துணி போட அனுமதி 2021 நவம்பரில் வந்தது. அதற்கு முன் பல வருடம் மூடிய கதவுக்குள் பேச்சு. அவளுக்குச் சந்தோஷம். “ஆனா மாமா, யார் யாருகிட்ட என்ன பேசினாங்கன்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியலையே” என்றாள். ஜகார்த்தாவில் லட்சம் பேர் திடலில் கத்துகிறார்கள், இங்கே பத்துப் பேர் அறையில் பேசுகிறார்கள். இரண்டையும் பார்த்தவனுக்கு எது மேல் என்று சட்டென்று சொல்ல வாய் வருவதில்லை.

என்னை உலுக்கிய விஷயம் வேறு. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு ஹார்பர்ஃபிரன்டிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரம். ஒருமுறை அங்கே தங்கியபோது சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகை நேரத்தில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது, இன்னொன்று அதன் மேல் ஏறியது, பிறகு நான்கைந்து பக்கத்திலிருந்து. சிங்கப்பூரில் எழுபதுகளிலேயே ஒலிபெருக்கிகளைப் பள்ளிவாசலுக்குள் பார்க்கத் திருப்பிவிட்டார்கள், நாங்கள் பாங்கு கேட்பது வானொலியிலும் கைபேசியிலும். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. இப்படி ஒரு ஊரில் இருந்துவிடக் கூடாதா என்று தோன்றியது. வெட்கப்பட ஒன்றும் இல்லை, தோன்றியது.

அதற்குப் பிறகுதான் தஞ்சோங் பாலாய் பற்றிப் படித்தேன். சுமத்திராவில் ஒரு ஊர். பாங்கின் சத்தம் கூடுதலாக இருக்கிறது என்று 2016இல் ஒரு சீனப் பௌத்தப் பெண் அக்கம்பக்கத்தில் சொன்னார். பேச்சு ஊர் முழுக்கப் பரவி, கூட்டம் பௌத்தக் கோயில்களுக்குத் தீ வைத்தது. 2018இல் அந்தப் பெண்ணுக்கு மத நிந்தனைக்காகப் பதினெட்டு மாதச் சிறை. நஹ்தத்துல் உலமாவிலிருந்தே அதை எதிர்த்துக் குரல் வந்தது. 2022இல் மத விவகார அமைச்சு 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் நான் பாத்தாமில் கண் கலங்கிய அதே சத்தம் அது. அந்த அறையில் படுத்திருந்தபோது, பக்கத்து வீட்டில் யார் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை.

இதைக் கூட்டாளியிடம் சொன்னேன். “அதான் நானும் சொல்றேன்” என்றான்.

“நீ சொல்றது அது இல்லடா. கூடுதலா இருக்கிறவனுக்குக் காது மந்தம்னு நான் சொல்றேன். அதுக்கு மதம் கிடையாது.”

அவன் கொஞ்ச நேரம் கலக்கினான். “தைப்பூசத்துல நாம மேளம் அடிக்கணும்னு இங்க எவ்வளவு கேட்டிருக்கோம்,” என்றான். “ஊருல விடிய விடியக் கோயில் ஸ்பீக்கர் போடுவாங்க. எதிர்வீட்டு பாய்க்குத் தூக்கம் வருமான்னு எங்க தாத்தா கேட்டிருப்பாருன்னு நினைக்கிற?” பிறகு பேச்சு ஊரில் அவன் தாத்தா வீட்டைப் பற்றிப் போய்விட்டது.

வெளிநாட்டில் நடந்த திருமணத்தை, ஊர் திரும்பி ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து குரல் தகவல் வந்தது, பின்னணியில் மோட்டார் சைக்கிள் சத்தம். பதிவு அலுவலகத்தில் முகப்பில் இருந்தது தலைத்துணி போட்ட ஓர் அம்மா. சிங்கப்பூர் சான்றிதழை வாங்கி இருவரின் பெயரையும் இரண்டு தடவை படித்தாராம். எழுந்து உள்ளே போய்விட்டாராம். “கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன், பாக். இருபது நிமிஷம் ஆச்சு. அப்புறம் பார்த்தா முகமெல்லாம் ஈரமா வர்றாங்க. லுஹர் தொழப் போயிருக்காங்க. உட்கார்ந்து கணினியத் தட்டி, பதிஞ்சு கொடுத்துட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டாங்க.”